முற்றத்து மழையை இணையப் பக்கத்தில் ஏற்றுவது எப்படி: மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீலகிரியில், கட்டபெட்டில் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அங்கிருந்து கோத்தகிரிக்கு வந்து சேர்வதற்குள், முன்னால் போகும் பஸ் தெரியாத அளவுக்கு மஞ்சு இறங்கியிருக்கும். தென்மேற்குப் பருவத்தில் அவலாஞ்சியிலும் அப்பர் பவானியிலும் கொட்டித் தீர்க்கிற மழை, எங்கள் பக்கம் வரும்போது தூறலாகிவிடும். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததே, அந்த மாதிரி. ஐப்பசி, கார்த்திகையில் கணக்கு மாறும். கிழக்கிலிருந்து கொண்டல் ஏறினால் குன்னூரும் கோத்தகிரியும் கேத்தியும்தான் அதிகம் நனையும். கைப்பேசிச் செயலி இத்தனையையும் 'ஊட்டி' என்று ஒரே எண்ணில் சொல்லிவிடுகிறது.

நான் இருப்பது கோத்தகிரிக்குக் கீழே ஒரு சரிவில். வீட்டைச் சுற்றித் தேயிலை, அதற்கும் கீழே பள்ளத்தில் கேரட்டும் பீன்ஸும் போடுகிற நிலங்கள். முற்றத்தில் ஒரு சிறிய வானிலை நிலையம் வைத்து, அதன் எண்களை 5 நிமிடத்துக்கு ஒருமுறை என் இணையப் பக்கத்தில் ஏற்றுகிறேன். எனக்காகத்தான் தொடங்கினேன். இப்போது கொழுந்து பறிக்க ஆள் விடலாமா, மருந்து அடிக்கலாமா, ராத்திரி பனி விழுமா என்று சரிவில் உள்ள பத்துப் பதினைந்து வீட்டுக்காரர்கள் அதைப் பார்க்கிறார்கள்.

அவர்கள் பார்க்கத் தொடங்கிய முதல் வருடம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழை. ராத்திரி எட்டு மணிக்குப் போன கரண்ட் மறுநாள் மதியம்தான் வந்தது. விடிய விடியப் பெய்தது. என் இணையப் பக்கமோ, கரண்ட் போவதற்கு முன் கடைசியாக ஏறிய 12 மி.மீ. என்பதையே காட்டிக்கொண்டு நின்றது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் அதைப் பார்த்துவிட்டு விடியற்காலையில் காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பிக்கப்பை எடுத்திருக்கிறார். பாதி வழியில் மண் சரிந்து கிடந்தது. "தம்பி, 12 மில்லின்னு போட்டிருந்துச்சே, அதான் கிளம்பினேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எண்ணில் தவறில்லை. அது எத்தனை மணிக்கு உள்ள எண் என்பது பக்கத்தில் இல்லை. மலையில் எந்த ராத்திரி அந்த எண் அதிகம் தேவையோ, அந்த ராத்திரிதான் கரண்டும் நெட்டும் போகும். கீழே உள்ள படிகளை இதை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

வீட்டு வானிலை நிலையம் என்பது இரண்டு துண்டு. வெளியே நிற்பது ஒன்று: மழைமானி, காற்றின் வேகமும் திசையும் பார்க்கிற கருவி, வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பார்க்கிற சென்சார். வீட்டுக்குள் இருப்பது இன்னொன்று: திரையோடு வரும் கன்சோல், அல்லது திரையில்லாத கேட்வே என்கிற சிறு பெட்டி. இரண்டும் ரேடியோ அலையில் பேசிக்கொள்ளும். ஒரே மாதிரி நிலையத்தையே 433, 868, 915 மெகாஹெர்ட்ஸ் என்று வெவ்வேறு அலைவரிசையில் விற்பார்கள். 915 அமெரிக்காவுக்கானது, அதை வாங்காதீர்கள். இந்தியாவில் உரிமம் இல்லாமல் இப்படிப்பட்ட கருவிகளுக்கு விட்டிருப்பது 865 முதல் 868 வரை. பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

அதைவிட முக்கியம், தரவை நீங்களே எடுத்துக்கொள்ள முடிகிறதா என்பது. சில நிலையங்கள் தயாரித்தவரின் செயலிக்கு மட்டும் அனுப்பும்; உங்கள் பக்கத்துக்குக் கொண்டுவர வழியே இருக்காது. எக்கோவிட் என்ற நிறுவனத்தின் கேட்வேக்களில் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே எண்களைப் படிக்கலாம், நாம் சொல்லும் முகவரிக்கு அனுப்பவும் வைக்கலாம். டேவிஸ் நிறுவனத்தின் வேன்டேஜ் வகை விலை கூடுதல். ஆனால் அதற்கென்று விற்கும் டேட்டா லாகரைச் சேர்த்தால் 2560 பதிவுகளைத் தன் நினைவிலேயே வைத்துக்கொள்ளும். 5 நிமிடத்துக்கு ஒரு பதிவு என்றால் கிட்டத்தட்ட 9 நாள். கணினி அணைந்து கிடந்த நேரத்துக் கணக்கும் அதிலிருந்து திரும்பக் கிடைக்கும். வசதி இருந்தால் அதை வாங்குங்கள். நான் வைத்திருப்பது கேட்வே வகை, அதுவும் போதும்.

எங்கே நடுவது

இதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டாலும் தகும். பின்னால் வரும் கணினி வேலையைத் திருத்திக்கொள்ளலாம், தவறான இடத்தில் எடுத்த ஒரு வருடக் கணக்கைத் திருத்த முடியாது.

வெப்பம் பார்க்கும் சென்சார் புல்தரைக்கு மேல் ஒன்றேகால் மீட்டரிலிருந்து 2 மீட்டருக்குள், தட்டுத் தட்டாக அடுக்கிய வெள்ளைக் கூட்டுக்குள், காற்றோட்டமாக இருக்க வேண்டும். தகரக் கூரைக்கு மேலோ சிமென்ட் களத்தின் ஓரத்திலோ வைத்தால் மதியம் கூரையின் சூட்டைத்தான் படிப்பீர்கள். மழைமானிக்குப் பக்கத்தில் இருக்கும் மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள். சில்வர் ஓக்குக்கு அடியில் வைத்தால் மழை இல்லாத நாளிலும் கணக்கு ஏறும்; மஞ்சு இலையில் படிந்து சொட்டுகிற தண்ணீர் அது. காற்றுக்கு 10 மீட்டர் உயரம் என்பது முறை. வீட்டில் அது முடியாது. முடிந்த உயரத்தில் கட்டிவிட்டு, எத்தனை மீட்டர் என்பதை இணையப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். சரிவில் இருக்கும் வீட்டுக்கு எந்த இடமும் முழுசாகச் சரியாக வராது. குறையை எழுதி வைத்தால் பார்க்கிறவர் அதற்கேற்ப எடுத்துக்கொள்வார்.

கம்பத்தை ஒன்றரை அடியாவது பூமிக்குள் இறக்கி கான்கிரீட் போடுங்கள். காட்டெருமை வந்து முதுகைத் தேய்க்கும். குரங்குக்குக் காற்றுக் கிண்ணங்கள் என்றால் தனிப் பிரியம். என்னுடையதில் இரண்டு கிண்ணம் போன பிறகு, கம்பத்தில் வழுவழுப்பான பிவிசி குழாயை உறை மாதிரி மாட்டினேன். அப்புறம் ஏற முடியவில்லை. சித்திரை, வைகாசி இடிமழைக்கு முன் உலோகக் கம்பத்துக்கு எர்த் கொடுத்துவிடுங்கள்.

நட்டதும் மழைமானியைச் சோதித்துப் பாருங்கள். உள்ளே ஊசலாடும் சின்னத் தொட்டி இருக்கிறது. நிரம்பிச் சாயும் ஒவ்வொரு முறையும் ஒரு கணக்கு. புனல் வாயின் பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் கணக்கிடுங்கள். விட்டம் 11 செ.மீ. என்றால் பரப்பு ஏறத்தாழ 95. அப்படியானால் 95 மில்லிலிட்டர் தண்ணீர் 10 மி.மீ. மழைக்குச் சமம். அடியில் ஊசித் துளை போட்ட பாட்டிலில் அளந்து ஊற்றி, அரை மணி நேரத்துக்கு மேல் சொட்டுச் சொட்டாக இறங்க விடுங்கள். அவசரமாக ஊற்றினால் தொட்டி சாய்கிற நேரத்தில் தண்ணீர் வழிந்து கணக்கு குறையும். கன்சோல் 9 என்று காட்டினால் அமைப்பில் அதற்கான திருத்த எண்ணைப் போடலாம். இந்த வகை மானிகள் கொட்டுகிற மழையில் எப்போதுமே கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லும். மாதம் ஒருமுறை புனலைத் திறந்து பாருங்கள். இலையும் சிலந்தி வலையும் அடைத்துக்கொண்டால் வெளியே மழை, பக்கத்தில் பூஜ்யம்.

எண் எந்த வழியாகப் போகிறது

எளிய வழி ஒன்று உண்டு. கேட்வேயின் அமைப்பில் உங்கள் இணையதள முகவரியைக் கொடுத்து, தளத்தில் அதை வாங்கிக்கொள்ள ஒரு சிறு பிஎச்பி நிரல் வைப்பது. வீட்டில் கணினியே தேவையில்லை. இதில் புதியவர்கள் தடுமாறும் இடங்கள் மூன்று. கேட்வே பெரும்பாலும் பூட்டில்லாத சாதாரண எச்டிடிபி வழியில்தான் அனுப்பும்; ஹோஸ்டிங்கில், அதாவது உங்கள் தளம் இருக்கும் வாடகைக் கணினியில், எல்லாவற்றையும் பூட்டுள்ள எச்டிடிபிஎஸ்சுக்குத் திருப்பிவிடும் அமைப்பு இருந்தால் தரவு வந்து சேராது. அந்த ஒரு நிரலுக்கு மட்டும் திருப்பலை நிறுத்துங்கள். அடுத்தது, எண்கள் பாரன்ஹீட்டிலும் அங்குலத்திலும் மைலிலும் வரும். பாரன்ஹீட்டில் 32ஐக் கழித்து 5ஆல் பெருக்கி 9ஆல் வகுங்கள்; மழை அங்குலத்தை 25.4ஆல் பெருக்கினால் மி.மீ. மூன்றாவது, நேரம் உலகப் பொது நேரத்தில் வரும். ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும்.

ஆனால் மலையில் இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். நெட் போனால் அந்த நேரத்துக் கணக்கு போனது போனதுதான். நடுவில் ஒரு ராஸ்பெரி பை வையுங்கள். உள்ளங்கை அளவுக் கணினி, மின்சாரம் மிகக் குறைவாக எடுக்கும். அதில் வீவெக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். கேட்வேயிலிருந்து எண்களை வாங்கி, தன் தரவுத்தளத்தில் சேர்த்து, வரைபடங்களோடு இணையப் பக்கத்தைத் தானே செய்து, உங்கள் ஹோஸ்டிங்கில் ஏற்றுவது வரை அதுவே செய்யும். நெட் இல்லாத நேரத்திலும் சேமித்துக்கொண்டே இருக்கும். நெட் வந்ததும் விட்டுப்போன மணி நேரங்களும் சேர்ந்த வரைபடம் மேலே போகும்.

முதலில் ராஸ்பெரி பையில் அதற்கான இயங்குதளத்தை ஏற்றி, வீவெக்ஸை நிறுவுங்கள். நிறுவும்போது நிலையத்தின் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், அலகு, எந்தக் கருவி என்று கேட்கும். கருவி என்ற இடத்தில் முதல் நாள் 'சிமுலேட்டர்' என்றே கொடுங்கள். பொய் எண்களை வைத்து முழுப் பக்கத்தையும் அது செய்து காட்டும். ஹோஸ்டிங்கில் ஏறுகிறதா என்பதையும் அதிலேயே சோதித்துவிடலாம். பிறகு உண்மையான கருவிக்கு மாறும்போது சிக்கல் வந்தால், அது கருவிப் பக்கம்தான் என்று தெரிந்துவிடும். மாறும்போது சிமுலேட்டர் சேர்த்த தரவுத்தளத்தை மறக்காமல் அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பொய் மழை வருடக் கணக்கில் நிற்கும்.

எக்கோவிட் கேட்வேக்கு வீவெக்ஸில் தனியாக ஒரு டிரைவர் நீட்சியை, அதாவது அந்தக் கருவியோடு பேசத் தெரிந்த சிறு நிரலை, சேர்க்க வேண்டும். கேட்வேயின் உள்முகவரி மாறிக்கொண்டே இருந்தால் தொடர்பு அறும். ரவுட்டரில் அதற்கென்று ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். அலகு கேட்கும் இடத்தில் இரண்டு மெட்ரிக் முறைகள் வரும். 'மெட்ரிக்' என்பதில் மழை சென்டிமீட்டரில் வரும். 'மெட்ரிக்டபிள்யூஎக்ஸ்' என்பதில் மில்லிமீட்டரில் வரும், காற்று வினாடிக்கு மீட்டரில். இரண்டாவதை எடுத்து, காற்றை மட்டும் கிலோமீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

உயரத்தைச் சரியாகக் கொடுங்கள். காற்றழுத்தத்தைக் கடல்மட்டத்துக்கு மாற்றிச் சொல்ல அதுதான் அடிப்படை. கோத்தகிரி உயரத்தில் கருவி உணரும் உண்மையான அழுத்தம் 820 ஹெக்டோபாஸ்கலை (காற்றழுத்த அலகு, மில்லிபாரும் அதுவும் ஒன்றே) ஒட்டி இருக்கும், ஊட்டியில் 780ஐ ஒட்டி. அதைப் பார்த்துக் கருவி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். உயரம் 10 மீட்டர் பிசகினால் கிட்டத்தட்ட 1 ஹெக்டோபாஸ்கல் பிசகும். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஓர் அழகான வழி இருக்கிறது. நம்முடைய வெப்பமண்டலத்தில் அழுத்தம் காலையும் இரவும் பத்து மணியை ஒட்டி ஏறும், விடியற்காலையும் மாலையும் நாலு மணியை ஒட்டி இறங்கும். மழையில்லாத நாளின் வரைபடத்தில் இந்த இரட்டை அலை தெரிந்தால் கருவி நன்றாக இருக்கிறது.

ஹோஸ்டிங்கில் கோப்புகளை ஏற்ற எஃப்டிபி, ஆர்சிங்க் என்று இரண்டு வழிகள் வீவெக்ஸின் அமைப்புக் கோப்பிலேயே இருக்கின்றன. உங்கள் ஹோஸ்டிங் எஸ்எஸ்எச் (பூட்டிய வழியில் அந்தக் கணினிக்குள் நுழையும் வசதி) கொடுத்தால் ஆர்சிங்க் நல்லது; மாறிய கோப்புகளை மட்டும் அனுப்பும், மெலிந்த நெட்டுக்கு அது பெரிய உதவி. எஃப்டிபிதான் என்றால் பாதுகாப்பான வகையை இயக்கி, அந்த ஒரு கோப்புறைக்கு மட்டும் அனுமதி உள்ள தனிப் பயனரை உருவாக்கிக்கொள்ளுங்கள். எப்போதும் வீட்டிலிருந்து வெளியே அனுப்புவதாகவே அமைக்க வேண்டும். வெளியிலிருந்து வீட்டுக்குள் வந்து எடுக்கிற மாதிரி ரவுட்டரில் கதவு திறக்க வேண்டியதில்லை. சிம் போட்ட ரவுட்டர்களில் பெரும்பாலும் அது நடக்கவும் நடக்காது.

கரண்டும் கடிகாரமும்

கேட்வே, ராஸ்பெரி பை, ரவுட்டர் மூன்றையும் இன்வெர்ட்டரிலோ ரவுட்டருக்கென்று விற்கும் சிறிய யுபிஎஸ்ஸிலோ மாட்டுங்கள். இது கட்டாயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். திடீர் திடீரென்று கரண்ட் போனால் ராஸ்பெரி பையின் மெமரி கார்டும் கெடும். தரவுத்தளம் ஒரே ஒரு கோப்புதான். தினமும் ராத்திரி அதன் நகல் ஒரு பென் டிரைவுக்குப் போகிற மாதிரி செய்துவிடுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று கடிகாரம். ராஸ்பெரி பை 4 வரைக்கும், அணைந்திருக்கும் நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம் உள்ளே கிடையாது. எழுந்ததும் இணையத்தைக் கேட்டுத்தான் மணி தெரிந்துகொள்ளும். கரண்ட் வந்து நெட் வராத விடியற்காலையில், நேற்று ராத்திரி எட்டு மணி என்று நினைத்துக்கொண்டு மழையைப் பதிவு செய்யும். டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லை வாங்கி மாட்டினால் இந்தத் தொல்லை தீரும். பொத்தான் பேட்டரியில் ஓடும், விலையும் குறைவுதான்.

வெளியே உள்ள சென்சாரின் பேட்டரியையும் பாருங்கள். பகலில் சூரியத் தகட்டில் சேர்த்து ராத்திரி ஓடும் வகைகள், வாரக்கணக்கில் மஞ்சு மூடியிருக்கும் ஆடி மாதத்தில் தளர்ந்துவிடும். மாற்று பேட்டரி உள்ளே இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரி குளிரை நன்றாகத் தாங்கும்.

பனிக்கு ஒரு தனி சென்சார்

மார்கழி, தை மாதங்களில் தலைகுந்தாப் பக்கம் புல்வெளி வெளுத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்போதும் ஆள் உயரத்தில் இருக்கும் வெப்பமானி 3, 4 டிகிரி காட்டும். மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, மேலே உள்ள காற்றைவிடப் பல டிகிரி குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் என் முற்றத்து எண் பள்ளத்தில் இருக்கும் கேரட்டுக்குப் பொருந்தாது. வயர் முனையில் வெப்பம் படிக்கும் துணை சென்சார் ஒன்றை, அதே கேட்வேயோடு பேசும் வகையாக வாங்கி, புல் நுனி உயரத்தில், தரையிலிருந்து 5 செ.மீ. அளவில், திறந்த வானத்துக்குக் கீழே வைத்தேன். இணையப் பக்கத்தில் 'முற்றம்' என்றும் 'புல்தரை' என்றும் இரண்டு எண்கள் வரும். ராத்திரி பத்து மணிக்கே புல்தரை 4 டிகிரிக்குக் கீழே போய், வானமும் தெளிவாக இருந்தால், இளம் தேயிலையை மூட வேண்டியவர்கள் மூடிவிடுகிறார்கள். எனக்கு இந்த நிலையத்தில் மிகவும் பிடித்த எண் அதுதான்.

பக்கத்தில் எதைக் காட்டுவது

வீவெக்ஸோடு வரும் பக்கம் ஆங்கிலத்தில் இருக்கும். அதன் மொழிக் கோப்பை நகல் எடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே தமிழை எழுதி, அமைப்பில் மொழியை மாற்றினால் பக்கம் தமிழாகிவிடும். வரைபடங்களில் மட்டும் கவனம். அவை படங்களாக வரையப்படுவதால் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக வரும். எழுத்துரு கொடுத்தாலும், எழுத்துகளைச் சரியாகக் கோர்க்கும் ராக்ம் என்ற மென்பொருள் நூலகம் இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். நான் வரைபடத்துக்குள் எண்களை மட்டும் விட்டுவிட்டுத் தலைப்பைப் பக்கத்தின் எழுத்திலேயே வைத்துக்கொண்டேன்.

மழை நாளை எங்கே தொடங்குவது என்று முடிவு செய்யுங்கள். வீட்டுக் கருவிகள் நள்ளிரவில் பூஜ்யத்துக்குப் போகும். இந்திய வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. செய்தித்தாளில் வரும் கணக்கும் அதுதான். நள்ளிரவுக் கணக்கை வைத்துக்கொண்டு குன்னூர் மழையோடு ஒப்பிட்டால் பொருந்தவே பொருந்தாது. வீவெக்ஸின் பதிவுகளில் உள்ள நேரம் அந்த 5 நிமிடம் முடிந்த நேரம். ஆகவே நேற்று 8.35 பதிவிலிருந்து இன்று 8.30 பதிவு வரை கூட்டினால் சரியான நாள் மழை கிடைக்கும். எஸ்டேட் கணக்கை அங்குலத்தில் சொல்லிப் பழகிய பெரியவர்கள் பார்ப்பார்கள் என்றால் அதையும் அருகில் போடுங்கள்.

இப்போது அந்த 12 மி.மீ. விஷயம். வீவெக்ஸ் பக்கத்தை வீட்டில் செய்து மேலே அனுப்புகிறது. அனுப்புவது நின்றுவிட்டால், நின்றது மேலே இருக்கும் பக்கத்துக்குத் தெரியாது. அதனால் பக்கத்துக்குள்ளேயே, கடைசிப் பதிவின் நேரத்தை எடுத்து, பார்ப்பவரின் கைப்பேசி மணியோடு ஒப்பிடுகிற நாலு வரி ஜாவாஸ்கிரிப்டை (பார்ப்பவரின் உலாவியில் ஓடும் நிரலை) போடுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை அது ஓட வேண்டும். வித்தியாசம் 20 நிமிடத்தைத் தாண்டினால் எல்லா எண்களும் சாம்பல் நிறத்துக்கு மாறி, மேலே பெரிய எழுத்தில் 'இது ராத்திரி 8.05 மணிக்கு வந்த எண். அதற்குப் பிறகு தகவல் இல்லை' என்று வர வேண்டும். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் எண்களையே மறைத்துவிடுங்கள். அந்த வாக்கியம் மட்டும் நிற்கட்டும்.

அதற்குக் கீழே நிலையம் நிற்கும் இடத்தின் குறிப்பு: உயரம், சரிவு எந்தப் பக்கம் பார்க்கிறது, காற்றுக் கருவி எத்தனை மீட்டரில் இருக்கிறது. இருப்பிடத்துக்கு அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இரண்டு தசம இலக்கத்தோடு நிறுத்துங்கள். ஒரு கிலோமீட்டர் வட்டம் தெரியும், உங்கள் வாசல் தெரியாது. இது வீட்டுக் கருவியின் அளவு, எச்சரிக்கை அல்ல என்று ஒரு வரியும், மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணும் இருக்கட்டும். 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர்ப் பக்கம் மண் சரிந்து எத்தனை வீடுகள் போயின என்பதைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் மழை ராத்திரியில் இந்தப் பக்கத்தைத் திறப்பார்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும், யாருக்கும் முகவரியைச் சொல்வதற்கு முன் ஒரு சோதனை. ரவுட்டரின் இணைய வயரைக் கழற்றிவிட்டு, மழைமானியில் அளந்த தண்ணீரைச் சொட்ட விடுங்கள். 20 நிமிடத்தில் பக்கம் சாம்பலாகிறதா என்று கைப்பேசியில் பாருங்கள், வீட்டு வைஃபையில் அல்லாமல் சிம்மின் நெட்டில். ஒரு மணி நேரம் கழித்து வயரை மாட்டுங்கள். அடுத்த சில நிமிடங்களில் நிறம் திரும்ப வேண்டும், சொட்டவிட்ட தண்ணீர் வரைபடத்தில் அதனதன் நேரத்தில் ஏறியிருக்க வேண்டும். பிறகு ராஸ்பெரி பையை அணைத்து, நெட் இல்லாமலேயே எழுப்பி, அது சொல்லும் மணி சரியா என்று பாருங்கள். சோதனைத் தண்ணீரின் கணக்கைத் தரவுத்தளத்திலிருந்து நீக்கிவிட்டுப் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு இணைப்பை அனுப்புங்கள்.